பத்தொன்பதாயிரத்து இருநூறு

கொக்குவில் சந்தியில் டயர்க் கடைக்கு மேலே என் அறை.
கீழே காற்றடிக்கிற யந்திரம் நின்ற பிறகுதான்
வேலை தொடங்கலாம்.
இடக் காதுக்கு இருநூறு.
வலக் காதுக்கு இருநூற்றாறு.
மிச்சம் ஆறை மண்டைதான் போட்டுக்கொள்ளவேணும்;
எந்தக் கம்பியிலும் அது ஓடுவதில்லை.

அதற்கு மேலே, வெகு மேலே,
பத்தொன்பதாயிரத்து இருநூறில் ஒரு கீற்றுச் சத்தம்.
அது கூடினால் கண்ணாடிக்குள் விளக்கு எரியும்,
குறைந்தால் அணையும்.
வெளிச்சம் போகிற ஒழுங்கை அது.
எனக்கு வயது நாற்பத்திமூன்று, கேட்காது.
திரையில் பச்சைக் கோடாய்த் தெரிவதை
நம்பித்தான் வரைகிறேன்.
டயர்க் கடைப் பெடியன் தனுசன் மட்டும்
படியில் நின்று காதைப் பொத்துவான்:
"அக்கா, ஏதோ கீச்சிடுது."
அவன்தான் என் அளவுகோல்.
சம்பளம் ஒரு நெக்டோ.

அமலதாசுக்கு குருநகர் ஐஸ் கொம்பனியில் இரவு வேலை.
பகலில் நித்திரை இல்லை, பதினொரு மாதம்.
குளிசை போட்டால் எழும்ப ஏலாது,
போடாவிட்டால் படுக்க ஏலாது.
"லைட்டடிச்சு நித்திரையாக்குவீங்களாம்" என்று
மீன் மணக்கிற சேட்டோடு வந்து நின்றார்.
வலிப்பு வந்ததுண்டோ என்று கேட்டேன்.
எல்லாரிடமும் முதலில் அதைத்தான் கேட்பேன்.
"அது இல்லை. மற்றதெல்லாம் வந்தது" என்றார்.

முதல் அலை சதுரம்.
பட்டென்று எரியும், பட்டென்று அணையும்.
நாலாம் நிமிடம் கண்ணாடியைக் கழற்றி
மேசையில் வைத்தார்,
முட்டை வைப்பதுபோல.
"பரா லைட் மாதிரிக் கிடக்கு."
மேற்கொண்டு நான் கேட்கவில்லை.
அந்த வருசங்கள் எனக்கும் தெரியும்.
அன்றிரவு வெள்ளை விளக்குகளைப் பிடுங்கி
செம்மஞ்சள் வைத்துப் பற்றவைத்தேன்.
அலையின் மூலைகளைத் தேய்த்தேன்,
எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று
கண் பிடிக்காத அளவுக்கு.

கோப்பை வட்ஸ்அப்பில் அனுப்பினேன்.
"சத்தம் வருது. லைட் வருகுதில்லை."
பிழை என்னுடையது.
மனிசருக்குக் கேளாதது மனிசருக்குத் தேவையில்லை என்று
வழியில் யாரோ எழுதிவைத்த கணக்கு
உச்சியில் இருந்ததை நறுக்கிப்போட்டது.
இருநூறு இருந்தது. இருநூற்றாறு இருந்தது.
பின்னால் போட்ட கடலோசையும் இருந்தது.
சுருக்காத கோப்பைப் பென்டிரைவில் ஏற்றி
சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வெளிச்சம் வந்தது.
நித்திரை வரவில்லை.
"கொம்பனியில எண்டால் கண் சொக்குது,
அங்க படுக்க விடாங்கள்.
வீட்டில ஒரு சத்தமும் இல்லையே.
அதோட, இது எந்த ஊர்க் கடல்?
எங்கட கடல் இப்பிடி இரையாது."

பிறகுதான் மைக்கை எடுத்துக்கொண்டு போனேன்.
அமோனியா மணத்துக்குள் இரண்டு கொம்பிரசர்,
ஒன்றாய்த் தொடங்கி ஒன்றாய் ஓடத் தெரியாதவை.
ஒன்று மற்றதுக்கு ஒரு நூல் பின்னால்.
சத்தம் உப்பும், வற்றும், உப்பும், வற்றும்,
செக்கனுக்கு மூன்றேகால் தரம்.
நான் மாதக்கணக்காய் மண்டைக்குள் கட்டப் பார்த்ததை
துருப்பிடித்த இரண்டு மோட்டர்
சும்மா செய்துகொண்டு நின்றன.
எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் கோபமும்.

கடலை அழித்தேன். இருநூறையும் அழித்தேன்.
மோட்டர் உப்ப விளக்கு ஏற,
வற்ற விளக்கு இறங்க,
அந்தக் கேளாத கோட்டை அதோடு பிணைத்தேன்.
பதினேழாம் நிமிடத்தில் ஒரு ஐஸ் பாளம்
சறுக்கி விழுகிற சத்தம் பதிந்திருந்தது.
வெட்டக் கை போனது.
விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை, கரண்ட் இல்லாத மத்தியானம்,
அவர் மனிசி எமில்டா எடுத்தா. குரல் ரகசியமாய்.
"படுத்திட்டார். ஆனா இடையில ஒருக்கா
'ஓம், வாறன்' எண்டு ஆருக்கோ சொன்னவர்,
கண் திறக்காமலே."
பிறகு கேட்டா:
"கண்ணாடியைக் கழற்றவோ?"
"வேண்டாம். விடுங்கோ.
பற்றரி முடிய அது தானாய் அணையும்."